சார்ஜுக்கு எத்தனை தமிழ்

— இல்ல நானா, நீங்க கூட்டிச் செல்றீங்க. ஒரு சொல்லுக்குள்ள அவ்வளவும் எப்பிடி அடங்கும்?

— அல்லாட காவல், ஒரு சொட்டும் கூட்டல்ல மர்லியா தங்கச்சி. காலையில போன நான் பகல் லுஹர் தொழுகைக்குத்தான் வெளிய வந்தன். நீதவான் தொரை வாயத் தொறந்தா சார்ஜ். தோட்டத்துத் தொரை எழும்பினா சார்ஜ். தோட்டத்துக்காக வழக்குப் பேசுற புரொக்டர் தொண்டையச் செருமினா அடுத்து வாரது சார்ஜ்தான். எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு சார்ஜ். கடைக்கு வார தொரைசானிமார் கேப்பாங்களே, தைக்கிறதுக்கு என்ன சார்ஜ் எண்டு, அந்தக் கூலி. இதென்ன, பதுளைக் கோட்டுலயும் தையக்கூலியா பேசுறாங்க எண்டு முழிச்சுக்கிட்டு இரிந்தன்.

— கடைய மூடிப்போட்டு கோட்டுல ஒங்களுக்கு எனத்த வேல?

— மாப்பிள்ள பாக்கப் போனன்.

— மாப்பிள்ள பாக்க கோட்டுக்கா போறது?

— வேறெங்க போக? தாஸிம் அங்கதானே வேல செய்றார். துணிய கடைக்குள்ள வெச்சுப் பாத்து வாங்கினவன் வீட்ட போய் தலையில அடிச்சுக்குவான். வெளிய கொண்டு போய் வெயில்ல விரிச்சுப் பாக்கணும். மாப்பிள்ளையும் அப்பிடித்தான். விருந்துச் சோத்துக்கு முன்னால எல்லாரும் நல்லவன். வேல செய்யக்குள்ள பாக்கணும். நான் செல்றது வெளங்குதா?

— ம். செல்லுங்க. ஊசி என்ட கையில, காது ஒங்கட பக்கம்.

— அந்தத் தொப்பிய கொஞ்சம் கீழ வையேன் புள்ள. பள்ளி லெப்பை முன்னால கடையில இரிக்கார். மஃரிபு பாங்குக்கு முந்தி ஒன்ட பதிலோட நான் போகணும்.

— லெப்பையும் வந்தாச்சா? பதில் வாங்க வந்த ஆள் பதில கேக்காம, ஒரு இங்கிலீஷ் சொல்ல வெச்சுக்கிட்டு சுத்துறீங்க.

— சுத்தல்ல. அந்தச் சொல்லக் கேட்டாத்தான் அந்த மனுசன் வெளங்கும். அவர் கோட்டுல மொழி மாத்துறவர், தெரியுந்தானே ஒனக்கு. நீதவான் இங்கிலீஷ்ல கேப்பார். தோட்டத்துச் சனம் தமிழ்ல செல்லும். நடுவுல இவர். ரெண்டு பக்கமும் இவர்ட வாயால வந்தாத்தான் அது பேச்சு.

— தெரியும். செல்லுங்க.

— பசறை ரோட்டுல ஒரு தோட்டம். அங்க கொழுந்து பறிக்கிற பொம்புள ஒருத்தி, பெரியாயி எண்டு பேர். கையளவு புள்ள ஒண்ட இடுப்புல வெச்சுக்கிட்டு குத்தவாளிக் கூட்டுல நிக்கிறா. புள்ள அவட கழுத்த விடுறதா இல்ல. நீதவான் சார்ஜ வாசிக்கச் சென்னார். தாஸிம் அந்தப் பொம்புளப் பக்கம் திரும்பி, "ஏம்மா, ஒம் மேல வச்சிருக்கிற குத்தத்தைப் படிக்கப் போறாங்க. நல்லா கேட்டுக்க" எண்டார். எங்கட பேச்சே வரல்ல மர்லியா. தோட்டத்து ஆளுக்கு தோட்டத்துப் பேச்சு. கண்ண மூடிக்கிட்டு கேட்டா லயத்துல பொறந்தவன் எண்டுதான் நெனைப்பாய்.

— அப்ப சார்ஜ் எண்டா குத்தம்.

— அப்பிடித்தான் நானும் புடிச்சு வெச்சுக்கிட்டன். செல்லாம கொள்ளாம தோட்டத்த விட்டு ஓடினதுதான் அவ செஞ்ச குத்தமாம்.

— வேலைய விட்டுப் போனா குத்தமா?

— எனக்கும் ஒனக்கும் இல்ல. தோட்டத்து வேலைக்கு ஒப்பந்தம் எழுதி வந்தவங்களுக்கு குத்தம். மறியல்ல அடைச்சும் வைப்பாங்க. சட்டம் அப்பிடி. பொறகு தோட்டத்துத் தொரை எழும்பினார். அந்த டிவிஷன் என்ட சார்ஜ் எண்டார். நான் பயந்து போனன், என்னடா தொரை தன்ட மேலயே குத்தத்த எடுத்துப் போட்டுக்கிறாரே எண்டு. தாஸிம் அசையல்ல. "அந்தப் பக்கம் பூராவும் இந்தத் தொரையோட பொறுப்புங்கிறாங்க" எண்டார்.

— நல்ல மனுசன்தான்.

— இரி, அதுக்குள்ள நல்லவராக்காத, இன்னும் இரிக்கு. அடுத்தது காவக்காரன். அந்திக்கு எல்லையில நிண்டானாம். பன்றி வாற நேரமாம், துப்பாக்கியில மருந்து கெட்டிச்சு வெச்சிருந்தானாம். இவன் தமிழ்ல செல்றான். தாஸிம் அத நீதவானுக்கு மாத்துறார். பாரு, அதுக்குள்ளயும் சார்ஜ் வருது. சரி, மருந்து கெட்டிக்கிறதும் சார்ஜ். அடுத்த பேச்சுல காவக்காரன் செல்றான், புதருக்குள்ளயிருந்து பன்றி பாஞ்சுதாம், அதுக்குப் பயந்துதான் இந்தப் பொம்புள ரோட்ட விட்டு அவன்ட பக்கம் ஓடி வந்தாளாம். பாஞ்சதுக்கும் அதே சார்ஜ். அவளக் கோட்டுக்கு ஏத்திக் கொண்டு வந்த வண்டிக்காரன் என்ன கேட்டான் எண்டு புரொக்டர் கேட்டார். அது என்ட சார்ஜ், கூலி. அப்பாடா, தெரிஞ்ச மொகம் ஒண்டு எண்டு நெஞ்சு ஆறிச்சு. நான் செல்றது வெளங்குதா? இந்தப் பக்கம் போனா ஒரு சொல் அஞ்சாறா பிரியுது. அந்தப் பக்கம் போனா அஞ்சாறும் ஒண்டுக்குள்ள போய் ஒளியுது. அந்த மனுசன் ஒரு எடத்துலயும் தடுக்கல்ல. சுபுஹானல்லா, எங்கட கடையில துணி கிழிக்கிற நான் இருபது வருசத்துல அப்பிடி நேரா ஒரு நாளும் கிழிச்சது இல்ல.

— அவங்கட மொழியில சொல்லுக்கு அவ்வளவு பஞ்சமா?

— அதத்தான் நானும் கேட்டன். வழக்கு முடிஞ்சு கோடு கலைஞ்ச பொறகு அவர கோப்பிக் கடைக்கு கூட்டிக்கிட்டுப் போனன். பஞ்சமே இல்லையாம். விலைக்கு பிரைஸ் எண்டு ஒண்டு, பழிக்கு பிளேம், கடமைக்கு டியூட்டி, சுமைக்கு லோட், எல்லாத்துக்கும் தனித்தனியா வெச்சிரிக்காங்களாம். ஆனா தேஞ்ச செருப்பு காலுக்கு சுகமாம். பொட்டி நெறைய செருப்பு இரிந்தாலும் வாசல்ல கெடக்கிறதத்தான் மாட்டிக்கிட்டுப் போறோமாம்.

— அப்பிடியா சென்னார்?

— அப்பிடியே சென்னார். நீ சிரிக்கிறாய்.

— சிரிக்கல்ல. நூல் பல்லுல மாட்டிச்சு.

— ம். நூல்தான். நான் விடல்ல. சரி, கூலிக்கும் குத்தத்துக்கும் துப்பாக்கிக்கும் என்ன ஒறவு, ஒரு வீட்டுல எப்பிடி இரிக்குது எண்டு கேட்டன். அவர் கோப்பிய கீழ வெச்சுப்போட்டு செல்லத் தொடங்கினார் பாரு, அந்த மொகத்த நீ பாத்திரிக்கணும். வாப்பா நல்ல பட்டு வந்தா விரல்ல வெச்சு தேச்சுப் பாப்பாரே, அந்த மொகம். எல்லாத்துக்கும் அடியில சுமையாம் மர்லியா. அந்தக் காலத்துல வண்டியில பாரம் ஏத்துறதுக்குத்தான் அந்தச் சொல்லாம். வண்டியில ஏத்தினா பாரம். துப்பாக்கியில ஏத்தினா மருந்து. ஆள்ட தலையில ஏத்தினா குத்தம். தோள்ல ஏத்தினா பொறுப்பு. சாமானுக்கு மேல ஏத்தினா விலை.

— பன்றிக்கு?

— என்ன?

— பன்றி பாஞ்சதே. அது யாருக்கு மேல எனத்த ஏத்திச்சு?

— நானும் அதக் கேட்டன் புள்ள. ஒனக்கும் எனக்கும் ஒரே ரத்தம். அது மட்டும் தெரியாதாம். பாதிரிமார்ட ஸ்கூல்ல படிக்கக்குள்ள வாத்தியார்ட்ட கேட்டாராம், அவர் ஒரு கதை சென்னாராம், தன்ட மனசுக்கு அது சரியாப் படல்லையாம். இன்னும் தேடிக்கிட்டு இரிக்காராம்.

— தெரியாது எண்டு சென்னாரா?

— ஓ.

— ஒங்களுக்கிட்ட? பொண்ணு கேட்டு வந்த வீட்டு ஆள்கிட்ட?

— ஓ. ஏன்?

— ஒண்டுமில்ல. நான் பாத்த ஆம்புளைகள்ல அப்பிடிச் செல்ற ஆள் கொறவு. நீங்க உட்பட.

— எனக்குத் தெரியாதது இரிந்தாத்தானே செல்றதுக்கு.

— ம்.

— மர்லியா, ஒன்ட பேச்சப் பாத்தா ஒனக்கு அவர புடிச்ச மாதிரி இரிக்கு.

— நான் அவர்ட கொரல ஒரு தரம் கேட்டிரிக்கிறன் நானா. ஒங்களுக்கு ஞாபகம் இரிக்காது. நோம்புக்கு முந்தி கடைக்கு தொப்பி வாங்க வந்தார். நான் பலகைக்கு இந்தப் பக்கம் இரிந்தன். இந்தத் தொப்பிய யாரு தைச்சது எண்டு கேட்டார். நீங்க, வீட்டுல தைச்சது எண்டீங்க. அவர் செல்றார், வீடு தைக்குமா முதலாளி, வீட்டுல யாரு?

— ஓ, ஓ. நான் தங்கச்சி எண்டு சென்னன்.

— நீங்க சென்னீங்க. அவர் கேட்டார். இந்த ஊர்ல பாதி ஆம்புளைட தலையில என்ட தொப்பிதான் இரிக்கு. யாரு தைச்சது எண்டு கேட்டது அவர் ஒத்தர்தான்.

— அப்ப பேச்சு முடிஞ்சுது. நான் போய் லெப்பைக்கு செல்றன்.

— குந்துங்க நானா. எல்லாத்துக்கும் அடியில சுமை எண்டு சென்னீங்களே. புருசன் மௌத்தாகி, இத்தா இரிந்து முடிஞ்சு நான் இந்த வீட்டுல இரிக்கிறது எத்தனையாவது வருசம்? நானும் ஒங்கட சார்ஜ்தானே?

— அடி வாங்கப் போறாய். நீ எனக்கு சுமையா? ஸகீனா அப்பிடி ஏதும் சென்னாளா?

— மதினி ஒண்டும் செல்லல்ல. அவங்கட வாயில தேன்தான். நானாகத்தான் கேக்கிறன். சார்ஜ் எண்டா, அதுல எந்தச் சார்ஜ்?

— நீயும் கோட்டுல நிக்க வேண்டியவள். பொறுப்பு. பொறுப்பு எண்டுதான் செல்லுவன்.

— பொறுப்பும் தோள்ல ஏத்துறதுதானே. நீங்கதான் சென்னீங்க.

— சரி, பொறுப்பு வேணாம். வாப்பா மௌத்தாகக்குள்ள ஒன்ட கையப் புடிச்சு என்ட கையில வெச்சுப்போட்டு எனத்த சென்னார்? அமானிதம் எண்டார். இவ ஒனக்கிட்ட அமானிதம், நிஸாம். தந்த சாமான தந்த மாதிரியே வெச்சிரிந்து கேக்கிற நேரம் குடுக்கணும். அதுதான் நீ. போதுமா? இப்ப என்ட கண்ணும் கலங்குது. ஒனக்கு சந்தோசம்தானே.

— சந்தோசம்தான் நானா. அமானிதத்துக்கு இங்கிலீஷ்ல எனத்த?

— அதுவும் சார்ஜாம்.

— அதுவுமா?

— அதுதான் இண்டைய கதைட நடுப் பகுதி. நீ பன்றியோட நிண்டுட்டாய். கேளு. அந்தப் பெரியாயிட இடுப்புல இரிந்த புள்ள அவ பெத்தது இல்ல. லயத்துல பக்கத்துக் காம்பராவுல இரிந்த பொம்புளட புள்ள. தாய் காய்ச்சல்ல கெடந்து, மூச்சு போற நேரம் புள்ளயத் தூக்கி பெரியாயிட மடியில போட்டிரிக்கா. தகப்பன் முந்தியே இல்ல. கங்காணி வந்து, இது என்னோட ஆளுக கொண்டாந்த புள்ள, என் கூட்டத்துலதான் வளரணும், மாடு மேய்க்க ஆகும் எண்டு கேட்டிரிக்கான். இவ குடுக்க மாட்டன் எண்டிரிக்கா. மறுநாள் காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு இவ வரல்ல. அந்திக்கு எல்லையில புடிபட்டா. இதுதான் வழக்கு.

— யா அல்லாஹ்.

— நீதவான் கேட்டார், இந்தப் புள்ள யார்ட சார்ஜ்ல இரிக்குது? எல்லாரும் தாஸிம்ட வாயப் பாக்கிறாங்க. காலையில இரிந்து தண்ணி மாதிரி ஓடின மனுசன் அங்க நிண்டுட்டார். நீதவானப் பாத்து இங்கிலீஷ்ல எனத்தையோ கேட்டார். எனக்கு அரையும் கொறையுமாத்தான் வெளங்கிச்சு, பக்கத்துல இரிந்த பியோன் மிச்சத்த சென்னான். கணக்குல புள்ள யார்ட ஆள் எண்டு கேக்கிறீங்களா, இல்ல, புள்ளய யாரு நம்பி யார்ட்ட குடுத்தாங்க எண்டு கேக்கிறீங்களா, தமிழ்ல அது ரெண்டு கேள்வி எண்டு சென்னாராம்.

— நீதவான்கிட்டயேவா?

— நீதவான்ட மொகம் சிவந்து போச்சு. வெள்ளக்காரன்ட மொழிய வெள்ளக்காரனுக்கே பிரிச்சுக் காட்டினா சிவக்காம? புரொக்டர் சிரிச்சார். ஆனா அந்த நீதவானும் நல்ல வித்துதான். கொஞ்ச நேரம் பேனாவ உருட்டிக்கிட்டு இரிந்துபோட்டு, ரெண்டையும் கேள் எண்டார். கங்காணிட்ட மொதக் கேள்வி. அவன் நெஞ்ச நிமித்திக்கிட்டு, என் கணக்குங்க எண்டான். பொறகு பெரியாயி பக்கம் திரும்பி, ஏம்மா, இந்தப் புள்ளய ஒங்கிட்ட அடைக்கலமா குடுத்தது யாரு எண்டு கேட்டார்.

— அடைக்கலம். எங்கட ஆளா இரிந்தா அமானிதம் எண்டிருப்பார்.

— ஓ. அவளுக்கு எந்தச் சொல் உள்ள எறங்குமோ அந்தச் சொல்.

— அவ எனத்த சென்னா?

— ஒண்டும் செல்லல்ல. 

— ஏன்?

— அவளுக்குத்தான் தெரியும். தொரைய ஒருக்கா பாத்தா, கங்காணிய ஒருக்கா பாத்தா, தலையக் குனிஞ்சுக்கிட்டா. நீதவான் திருப்பிக் கேக்கச் சென்னார், குத்தத்த ஒத்துக்கிறாளா இல்லையா. தாஸிம் கேட்டார். அதுக்கும் வாய் தொறக்கல்ல. புள்ளய இன்னும் இறுக்கிப் புடிச்சா, அவ்வளவுதான். புரொக்டர் எழும்பினார். பேசாம நிக்கிறா, அப்ப ஒத்துக்கிட்டா எண்டுதானே, எழுதிக்கிடலாம் எண்டார். எனக்கே அது ஞாயமாத்தான் பட்டுது. குத்தம் செய்யாதவ வாயத் தொறந்து செல்ல மாட்டாளா? நீதவான் தாஸிமப் பாத்து, அவ எனத்த செல்றா எண்டு கேட்டார். 

— தாஸிம்?

— கையக் கட்டிக்கிட்டு நிண்டு செல்றார். தொரை, அவ ஒண்டும் செல்லல்ல. பேசினத மாத்துறன் எண்டுதான் நான் சத்தியம் பண்ணியிரிக்கிறன். பேசாம நிக்கிறதுக்கு எனக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழும் தெரியாது. சார்ஜுக்கு இருக்கிற மாதிரி அதுக்கும் ஒரு பொட்டி நெறைய அர்த்தம் இரிக்கும். பயமா இரிக்கும், கோவமா இரிக்கும், நாக்கு வறண்டு போயிருக்கும். இதுதான் எண்டு நான் ஒண்டத் தூக்கிக் குடுத்தா அது பொய்ச் சத்தியம். எனக்கு அனுமதி தந்தா அவகிட்டயே கேக்கிறன்.

— நானா.

— என்ன?

— ஒண்டுமில்ல. செல்லுங்க. நான் ஊசிய வெச்சுட்டன்.

— நீதவான் தலைய ஆட்டினார். தாஸிம் பியோனக் கூப்புட்டு ஒரு கோப்ப தண்ணி கொண்டு வரச் சென்னார். அவ புள்ளைக்கு மொதல்ல குடுத்துப்போட்டு மிச்சத்த தான் குடிச்சா. பொறகு தாஸிம் சென்னார், "ஏம்மா, பேசாம நின்னா இங்க ஆமான்னு எழுதிருவாங்க. ஆமான்னா ஆமான்னு சொல்லு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. எதுவா இருந்தாலும் ஒன் வாயால வரட்டும். ஒனக்காக வேற யாரும் பேச முடியாது, நானும் முடியாது."

— பேசினாளா?

— பேசினா. ஒரே மூச்சு. "சாமி, நான் ஓடல. புள்ளயப் பறிச்சிருவாங்கன்னு கோட்டுல வந்து கேக்கத்தான் பதுளைக்குப் பொறப்பட்டேன். நடுவழியில புடிச்சு, வண்டியில ஏத்தி, நான் வர இருந்த எடத்துக்கே கொண்டாந்து விட்டுட்டாங்க. பெறகு எதுக்கு ஏன் ஓடினேன்னு கேக்கிறாங்கன்னு எனக்கு வெளங்கலீங்க." தாஸிம் அத அப்பிடியே மாத்தினார், ஒரு சொல் கூட்டல்ல, ஒரு சொல் கொறைக்கல்ல. நீதவான் பேனாவ கீழ போட்டுட்டு சிரிச்சார் பாரு. தோட்டத்துத் தொரைக்கும் சிரிப்பு அடக்க ஏலல்ல, அவர் தலையக் குனிஞ்சுக்கிட்டார். வழக்கு அங்கயே விழுந்துட்டுது. புள்ள அவகிட்டயே இரிக்கட்டும் எண்டு தீர்ப்பு. அந்தத் தீர்ப்புலயும் சார்ஜ் வந்துது. "இனிமே இந்தப் புள்ள ஒன்னோட அடைக்கலம், தாயி" எண்டு தாஸிம் சென்னார். எனக்கு கண்ணுல தண்ணி. துணிக்கடைக்காரன் கோட்டுல குந்திக்கிட்டு அழுறன். பியோன் ஒரு மாதிரியாப் பாத்தான்.

...

— மர்லியா? என்ன, பேச்சக் காணல்ல?

— 

— பேசாம இரிக்கிறாய். சரி, அல்ஹம்துலில்லாஹ். சம்மதம் எண்டு லெப்பைக்கு செல்லிர்றன்.

— நானா, கொஞ்சம் முந்தி எனத்த கதை சென்னீங்க நீங்க?

— ஆ. அதில்ல புள்ள. அது கோடு, இது வீடு.

— லெப்பை எனத்துக்கு கடையில இரிக்கார்? பொண்ணு கேட்டு வந்த வீட்டுக்கு பதில் செல்ல லெப்பை எனத்துக்கு? நேத்து வரைக்கும் நீங்க அவசரப்படல்ல. இண்டைக்கி மஃரிபுக்கு முந்தி எண்டு பறக்கிறீங்க.

— நீ கேட்டா மறைக்க ஏலாது. போன வெள்ளிக்கெழம நான் ஒனக்கிட்ட கேட்டன் தானே, தாஸிம் பொண்ணு கேக்கிறார், என்ன செல்றாய் எண்டு. நீ ஒண்டும் பேசல்ல, எழும்பி குசினிக்குப் போயிட்டாய். பொண்ணுட மௌனம் சம்மதம் எண்டு நான் அண்டைக்கே அவங்க ஆளுக்கு வார்த்தை குடுத்துட்டன்.

— வார்த்தை குடுத்துட்டீங்க.

— கோவிக்காத. மொதக் கலியாணத்துல அப்பிடித்தானே செஞ்சோம். பழக்க தோசம். இண்டைக்கி கோப்பிக் கடையில நானே தாஸிம்ட்ட செல்றன், தங்கச்சிக்கு பூரண சம்மதம் எண்டு. அவர் கேட்டார், எனத்த சென்னாங்க? நான் சென்னன், பேசாம இரிந்தா, வெக்கம். அவர் கோப்பைய கீழ வெச்சுட்டார். முதலாளி, நீங்க காலையில இரிந்து கோட்டுல எனத்த பாத்தீங்க எண்டு கேட்டார். அது எந்த மௌனம் எண்டு கேட்டுக்கிட்டு வாங்க, அது வரைக்கும் எனக்கு ஒரு பதிலும் வரல்ல எண்டே வெச்சுக்கிறன் எண்டார். இல்ல எண்டு வந்தாலும் பரவாயில்லையாம். ஆனா அது ஒன்ட வாயால வரணுமாம்.

— அப்பிடியா சென்னார்?

— அல்லா மேல. நான் மூக்கு ஒடைஞ்சு லெப்பைகிட்ட போனா அவர் அதுக்கு மேல. நிஸாம், ஒனக்கு மூள இரிக்கா, மௌனம் சம்மதமாகிறது கன்னிப் பொண்ணுக்குத்தான், புருசன எழந்த பொம்புள வாயால செல்லணும் எண்டு கடைத் தெருவுல வெச்சு ஏசினார். தானே வந்து கேப்பன், ஒன்ட காத நம்ப ஏலாது எண்டு கூடவே வந்துட்டார். இதுதான் புள்ள நெலம. நீ இல்ல எண்டு சென்னா என்ட வார்த்தை போகும், போனா போகட்டும். ஆனா அந்த மனுசன இழக்க எனக்கு மனசு வரல்ல. அதுக்குத்தான் அந்தக் கதை எல்லாம் செல்லி சுத்தினன்.

— எனக்கு ஒரு சொல் செல்லுங்க நானா. போன வெள்ளிக்கெழம நான் எழும்பிப் போனது எனத்துக்கு எண்டு நெனச்சீங்க?

— வெக்கம் எண்டுதான்.

— அடுப்புல பால் பொங்கிச்சு.

— பால் பொங்கினதுக்கா நான் வார்த்தை குடுத்தன்?

— பொங்கின பால எறக்கிப்போட்டு திரும்பி வந்தா ஒங்களக் காணல்ல. பதில் செல்லத்தான் வந்தன்.

— சரி, சரி. என்ட தலையில மண். இப்ப செல்லு. பாங்குக்கு ஆள் ஏறுற நேரம்.

— கதவத் தொறங்க. லெப்பைக்கும் கேக்கட்டும். நான் மர்லியா, எனக்கு இந்தக் கலியாணம் சம்மதம். யாரும் தள்ளி நான் செல்லல்ல. யாரு தைச்சது எண்டு கேட்ட மனுசன் அவர். அவர எனக்குப் புடிச்சிரிக்கு. கேட்டிச்சா லெப்பை?

— கேட்டிச்சாம், கேட்டிச்சாம். கையத் தூக்கி துஆ கேக்கிறார். அல்ஹம்துலில்லாஹ். பாத்தாயா மர்லியா, நான் எவ்வளவு குடுத்து வெச்சவன். அண்டைக்கு மஹ்ரூப் மச்சானுக்கும் சம்மதிச்சாய், இண்டைக்கி தாஸிமுக்கும் சம்மதிச்சாய். ரெண்டு தரமும் என்ட தங்கச்சி என்ட வார்த்தைய காப்பாத்திட்டாள்.

— ரெண்டு தரம் இல்ல நானா. மௌத்தாப் போனவர் நல்ல மனுசன், அல்லாஹ் அவருக்கு சொர்க்கத்தக் குடுக்கட்டும், நானும் அவருக்கு ஒரு கொறையும் வெக்கல்ல. ஆனா அண்டைக்கு இதே கதவுக்குப் பின்னால நான் பேசாம இரிந்தன். நீங்க சம்மதம் எண்டு குரவை போடச் சென்னீங்க. அது இல்ல எண்டு இரிந்த மௌனம். ஒத்தரும் கேக்கல்ல.